தலைவிதியா, தலைச்சுமையா?

ஏழை வீட்டுப் பிள்ளை ஏன் படிக்கவில்லை? கேள்வி பழையது, விடைகள்தாம் காலத்துக்கொரு கோலம் பூண்டு வருகின்றன. 'அவன் தலையில் எழுதியது அவ்வளவுதான்' என்றனர் அன்று. கேட்டவன் தன் நெற்றியைத் தடவிப் பார்த்தான், எழுத்தைக் காணோம், எழுதியவனையும் காணோம், ஆயினும் நம்பினான். 'அப்பன் தொழில் இருக்க ஏட்டுப் படிப்பு எதற்கு?' என்றனர் பிறகு. அதற்குக் கல்வித் திட்டம் என்று பெயரும் சூட்டினர். 'பள்ளி உண்டு, பாடநூல் உண்டு, பகலுணவு உண்டு. இத்தனைக்குப் பின்னும் படிக்கவில்லையெனில், பெற்றவர்க்குப் பொறுப்பில்லை' என்கின்றனர் இன்று.

குரல்கள் மூன்று, கூறும் தீர்ப்போ ஒன்று. குற்றவாளி பிள்ளை, அல்லது பிள்ளையைப் பெற்றவர். வேறு எவருமிலர்!

இத்தீர்ப்பை முகத்துக்கு நேரே மறுத்து, நான்காவது விடையொன்றைத் தருகிறது, 2024 ஆகஸ்டில் வெளிவந்த 'வாழை' என்னும் திரைப்படம். இயக்கியவர் மாரி செல்வராஜ். 'பரியேறும் பெருமாள்' (2018), 'கர்ணன்' (2021), 'மாமன்னன்' (2023) ஆகிய படங்களைத் தந்தவர். தம் இளமை வாழ்விலிருந்தே இக்கதையை எடுத்ததாக அவரே கூறியிருக்கிறார். படத்தைப் பார்த்தோர் பலரும் அழுததாகச் சொல்கின்றனர். அழுகை குற்றமன்று. ஆனால் அழுதுவிட்டு, 'ஐயோ பாவம், விதி' என்று கூறி வீடு திரும்பினால், படம் சொன்னது நம் காதில் ஏறவில்லை என்றே பொருள். ஆகவே, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, அந்தக் குடும்பத்தின் கணக்கேட்டைச் சற்றே புரட்டிப் பார்ப்போம், தோழர்களே!

களம், தாமிரபரணிக் கரையில் வாழைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூர். காலம், தொண்ணூறுகளின் இறுதி. தகப்பனை இழந்த வீடு. தாய், வளர்ந்த மகள் வேம்பு, பள்ளி செல்லும் சிறுவன் சிவனணைந்தான். சிவனணைந்தான் படிப்பில் நாட்டமுள்ளவன். பள்ளி அவனுக்குச் சிறையன்று, சோலை. தோழன் சேகரோடு அவன் போடும் சண்டையோ, எந்த நடிகர் பெரியவர் என்பது பற்றி! பூங்கொடி என்னும் ஆசிரியையிடம் அவனுக்கு அளவிறந்த அன்பு. மற்றப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை மாலைக்காக ஏங்குவர். இவனோ வெள்ளிக்கிழமையைக் கண்டு அஞ்சுகிறான். ஏன்? சனியும் ஞாயிறும் அவனுக்கு விடுமுறையல்ல. வாழைக்காய் சுமக்கும் நாட்கள். சேற்றிலும் நீரிலும் கால் புதைய, கழுத்து நெரிய, தோட்டத்திலிருந்து லாரி வரை தார் சுமக்க வேண்டும்.

'தாயே மகனைச் சுமக்க அனுப்புகிறாளே, அவளுக்கு ஈரமில்லையா?' என்று கேட்கத் தோன்றும். அவசரப்படாதீர்! அவள் முன்பணம் வாங்கியவள். வாங்கிய பணம் உலையில் அரிசியாகிவிட்டது. கடன் மட்டும் உயிரோடிருக்கிறது. அதைத் தீர்க்க அவளிடம் நிலமில்லை, நகையில்லை, மாதச் சம்பளமில்லை. இருப்பன தலைகள். தன் தலை ஒன்று, மகள் தலை ஒன்று, மகன் தலை ஒன்று. மகனுடைய தலைக்குள் அறிவிருக்கிறது என்பதை அந்தத் தாய் அறியாதவளல்லள். கடன் தந்தவன் கணக்கில் தலைக்குள் இருப்பது சேராது; தலைமேல் இருப்பதுதான் சேரும். தலைவிதி என்றார்களே, அது இதுதான்: தலைச்சுமை! எழுதியவன் பிரம்மனல்லன், தரகன். எழுதிய இடம் நெற்றியல்ல, நோட்டுப் புத்தகம்.

இக்கணக்கின் இயல்பை இன்னும் சிறிது ஆழ்ந்து நோக்க வேண்டும். கூலி நாளுக்கு இவ்வளவு என்றிருந்தால் ஆள் ஒருவர்க்கு ஒரு கூலி. தாருக்கு இவ்வளவு என்றிருந்தால் நிலைமை வேறு. தாருக்குரிய கூலி குறைவாக இருக்கையில், பெரியவர் இருவர் சுமந்தால் கடன் கரையாது. ஆகவே பிள்ளையும் இறங்க வேண்டும். பிள்ளையும் இறங்கியபின், குடும்பம் எப்படியோ ஈடுகட்டிவிடுகிறது. ஆகவே கூலியை உயர்த்த வேண்டிய நெருக்கடி முதலாளிக்கு எழுவதில்லை. கூலி குறைவானதால் பிள்ளை சுமக்கிறான். பிள்ளை சுமப்பதால் கூலி குறைந்தே நிற்கிறது! பாம்பு தன் வாலைத் தானே விழுங்குவது போன்ற இந்த வட்டத்துக்குள் அறிவுரை கூறி என்ன பயன்? 'அம்மா, பிள்ளையைப் படிக்க வையுங்கள்' என்று அவளிடம் சொற்பொழிவாற்றலாம். அவள் கேட்டுக்கொள்வாள். 'சரி ஐயா, முன்பணத்தை யார் அடைப்பது?' என்று திருப்பிக் கேட்டால், சொற்பொழிவாளர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

படத்தின் உயிர்நாடி ஒற்றை ரூபாயில் இருக்கிறது. தாருக்கு ஒரு ரூபாய் கூட்டித் தர வேண்டும் என்று உழைப்பாளர் கேட்கின்றனர். கனி என்னும் இளைஞன் முன்னிற்கிறான். இழுபறிக்குப்பின் கூலி உயர்கிறது. வெற்றி! ஆனால், கொடுத்த கையே எடுப்பதற்கும் வழி தேடுகிறது. ஆட்களை அழைத்துச் செல்லத் தனி வண்டி எதற்கு? காய் ஏற்றிய லாரியின் மேலேயே ஆட்களும் ஏறட்டும்! ஒரு ரூபாய் ஏறியது. ஒரு வண்டி குறைந்தது. சரக்கின் மேல் சரக்காக மனிதரை ஏற்றிச் சென்ற அந்த லாரி கவிழ்கிறது. வேம்பு, கனி, சேகர் உட்பட அந்தச் சிற்றூரின் உழைப்பாளர் பலர் மடிகின்றனர்.

விபத்து என்பர். விதி என்பர். நாமோ கணக்கு என்போம். மிச்சம் பிடிக்கப்பட்ட வண்டிச் செலவு எவ்வளவோ, அவ்வளவுதான் அத்தனை உயிர்களின் விலை. இதைக் காட்டிய துணிவுக்காகவே இப்படத்தைப் பாராட்டலாம். துயரத்தின் காரணத்தை வானத்தில் தேடாமல் வரவு செலவில் தேடுவது எளிய செயலன்று. அதற்குப் பகுத்தறிவு வேண்டும்.

சிவனணைந்தான் பிழைத்தது எப்படி? அன்று அவன் சுமக்கச் செல்லவில்லை. பள்ளியில் நடன ஒத்திகை. தாய்க்குத் தெரியாமல் அங்குச் சென்றான். கல்வி காத்தது என்று கைதட்ட எழாதீர்! ஒத்திகைக்குச் சென்றவன் பசியோடு சென்றான். சத்துணவு பள்ளி வேலைநாளுக்குரியது. விடுமுறை நாளின் பசிக்கு அங்கே அடுப்பு எரியாது. பசி தாளாமல் வழியிலிருந்த தோட்டத்தில் வாழைப்பழம் பறிக்கிறான்; பிடிபட்டு அடிபடுகிறான். வாரந்தோறும் தார் தாராகச் சுமந்த பிள்ளைக்கு ஒரு பழத்தில் உரிமையில்லை! வீடு திரும்பினால் ஊரே ஒப்பாரி. அக்காள் பிணமாகக் கிடக்கிறாள். பசியோ அதை அறியாது. அடுக்களையில் சோற்றை அள்ளி உண்கிறான். தாய் அதைக் கண்டு அவனை அடிக்கிறாள். பசியையும் சாவையும் ஒரே வீட்டின் இரண்டு அறைகளில் வைத்துக் காட்டிய அக்காட்சிக்கு விளக்கம் வேண்டுவதில்லை.

'ஒரு படத்தில் வருவதை உலக நடப்பென்று கொள்ளலாமா?' என்று சிலர் கேட்கலாம். நூல்களைப் புரட்டட்டும். 1992 இல் பாமா எழுதிய 'கருக்கு' என்னும் தன்வரலாற்றைப் பார்க்கட்டும். அதில் ஒரு சிறுமி படிக்கிறாள், நன்றாகவே படிக்கிறாள். விடுமுறை வந்தால் விறகு பொறுக்கவும் கூலிக்குக் கடலைக்காட்டுக்குச் செல்லவும் அவளுக்கு வேலை காத்திருக்கிறது. விடியுமுன்னே வண்டியேறித் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குச் செல்லும் சிறுவர் சிறுமியரும் அந்நூலில் உண்டு. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) நாவலைப் பார்க்கட்டும். ஆண்டுக் கூலிக்குப் பண்ணையாரிடம் விடப்பட்ட சிறுவன் ஆடு மேய்க்கிறான். கூலியை வாங்கிச் செல்பவன் தகப்பன். பண்ணையார் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி உண்டு; அவனோடு விளையாடும் கூளையனுக்கு இல்லை. ஊர் வேறு, எழுதியவர் வேறு, வாழையும் கடலையும் ஆடும் வேறு. ஆயினும் மூன்றிலும் குடும்பத்தின் நெருக்கடி பிள்ளையின் நாளிலிருந்து ஒரு பங்கை வெட்டி எடுத்துக்கொள்கிறது. கூளையனுக்கு ஆண்டு முழுதும் போயிற்று. 'கருக்கு' காட்டும் சிறுமிக்கு விடுமுறை போயிற்று. சிவனணைந்தானுக்குச் சனியும் ஞாயிறும் போயின.

பிள்ளையின் நாளை வெட்டி எடுக்கும் செயலை ஓர் அரசே திட்டமாக்கிய காலமும் நாட்டில் இருந்தது. 1953 இல் இராசகோபாலாச்சாரியார் ஆட்சி, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தைச் சுருக்கியது. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வி என்று பெயர் பெற்ற அத்திட்டத்தை எதிர்த்துப் பெரியார் கிளர்ந்தார். அண்ணாவும் தோழர்களும் மறியல் புரிந்து சிறை புகுந்தனர். 1954 இல் காமராசர் முதலமைச்சரானார். அவ்வாண்டு மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. அவ்வரலாற்றைப் பேசுகையில் நம் தோள்கள் பூரிக்கின்றன. பூரிக்கட்டும், தகுதியுள்ள பூரிப்பே அது!

ஆயினும் சிவனணைந்தான் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறான். 'அண்ணன்மாரே! அரைநாளைப் பறித்த அரசாணையை விரட்டினீர்கள், நன்றி. என் சனிக்கிழமையைப் பறித்தது எந்த அரசாணை?' எந்த அரசாணையும் இல்லை, தம்பி. எழுதாத ஆணை அது. கோட்டையில் கையெழுத்திடப்பட்ட ஆணையை மறியல் செய்து மாற்றலாம். வாழைத் தோட்டத்து வரப்பில் முன்பணமாகக் கைமாறும் ஆணையை எங்கே போய் மறிப்பது? அரசாணை செத்தது, அடமானம் சாகவில்லை.

சட்டம் இல்லாமலில்லை. கடனுக்கு ஈடாக மனித உழைப்பைக் கட்டிப்போடும் கொத்தடிமை முறையை 1976 ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. 1986 ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீங்கான சில தொழில்களைப் பட்டியலிட்டுத் தடுத்தது. வயலிலும் தோட்டத்திலும் சுமக்கும் பிள்ளையோ பெரும்பாலும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றான். 2016 இல் திருத்தம் வந்தது. பதினான்கு வயது நிரம்பாதோரை எவ்வேலையிலும் அமர்த்தலாகாது என்றது. வரவேற்கலாம். ஆனால், அதே திருத்தம் பின்கதவொன்றைத் திறந்து வைத்தது: பள்ளி நேரம் முடிந்த பின்னும் விடுமுறையிலும், தீங்கற்ற குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாமாம்! முன்வாயிலில் பூட்டு, கொல்லைப்புறம் திறப்பு. உதவி எது, உழைப்பு எது என்று மாலை ஆறு மணிக்கு ஒரு குடிசைக்குள் புகுந்து அளப்பவர் யார்? 1953 இல் பகலில் நுழையப் பார்த்தது, 2016 இல் பள்ளி மணி அடித்த பிறகு நுழைகிறது.

படத்தைப் புகழ்ந்தோம். குறையையும் கூறுவதே திறனாய்வின் கடமை, குழைவது திறனாய்வன்று.

முதற்குறை, பள்ளியைப் பற்றியது. படத்தில் வரும் பள்ளி பிள்ளையின் கனவுலகம். அழகிய ஆசிரியை, ஆடல், பாடல், கைக்குட்டை. பிள்ளையின் கண்ணால் காட்டுகிறார் என்பது விடையாகலாம், போதுமான விடையன்று. திங்கட்கிழமை காலையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் வந்து உட்காரும் மாணவனைப் பார்த்து, 'சனிக்கிழமை எங்கே இருந்தாய்?' என்று கேட்பதும் கல்வியின் பகுதியே. அன்பு காட்டும் ஆசிரியர் வேண்டும். காரணம் கேட்கும் ஆசிரியர் அதனினும் வேண்டும். பள்ளியும் தோட்டமும் படத்தில் இரண்டு தனி உலகங்களாக நிற்கின்றன. ஓர் உலகம் மற்றதைக் கேள்வி கேட்டிருந்தால் கதை இன்னும் கூர்மை பெற்றிருக்கும்.

இரண்டாம் குறை, வேம்பைப் பற்றியது. தம்பியின் படிப்புக்காக நம் நெஞ்சம் பதைக்கிறது. வேம்பு எப்போது பள்ளியை விட்டாள்? எந்த வகுப்போடு? யாருடைய படிப்புக்காக? படம் இதைத் தன் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் காதலிக்கிறாள், சுமக்கிறாள், சாகிறாள். பெண் சுமப்பது இயல்பு என்று நம் கண்களும் பழகிவிட்டன போலும்! ஆண்பிள்ளை ஏட்டைப் பிடிக்க, அக்காள் அடுப்பையும் சுமையையும் பிடிப்பது நம் வீடுகளில் நேற்று வரை நடந்த பங்கீடு. அதை நோக்கி இயக்குநரின் கருவி ஒருமுறையேனும் திரும்பியிருக்க வேண்டும்.

மூன்றாம் குறை, முடிவைப் பற்றியது. ஓலம் ஓங்கி ஒலிக்கையில் ஒற்றை ரூபாயின் ஓசை அமுங்கிப் போகிறது. பார்ப்பவன் நெஞ்சில் சடலங்கள் தங்குகின்றன. மிச்சம் பிடிக்கப்பட்ட வண்டி மறந்து போகிறது. இயக்குநர் கணக்கைச் சொல்லாமலில்லை. சொன்ன கணக்கைக் கண்ணீர் கழுவிவிட இடந்தந்தார். இவை குறைகளே. ஆயினும், நாயகன் ஒருவன் பறந்து வந்து நூறு பேரை உதைத்து நீதியை நிலைநாட்டும் பொய்யை விற்காத படத்துக்கு இக்குறைகள் பெருங்குறைகளல்ல.

'இது தொண்ணூறுகளின் கதை. இன்று நிலைமை மாறிவிட்டதே' என்பர். மாறியிருக்கிறது, மறுப்பவன் நன்றி கொன்றவன். 1920 இல் சென்னை மாநகராட்சியில் பிட்டி தியாகராயர் காலத்தில் ஒரு பள்ளியில் தொடங்கிய பகலுணவு, காமராசர் ஆட்சியில் 1956 இல் மாநிலமெங்கும் பரவத் தொடங்கி, 1982 இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலைச் சிற்றுண்டித் திட்டமும் தொடங்கி, மறு ஆண்டே மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிவாக்கப்பட்டது. பாடநூல், சீருடை, மிதிவண்டி, பேருந்துச் சலுகை யாவும் வந்தன. கல்வியுரிமைச் சட்டம் 2010 முதல் நடைமுறைக்கு வந்தது. பள்ளிக்குள் பிள்ளைக்கு ஆகும் செலவை அரசு ஏற்றது. பிள்ளை பள்ளிக்கு வருவதால் வீட்டுக்கு ஏற்படும் இழப்பை ஏற்பவர் யார்? இலவசக் கல்வி என்கிறோம். கட்டணமில்லை என்பது உண்மை. விலையில்லை என்பது உண்மையன்று. சிவனணைந்தான் சுமக்காத ஒவ்வொரு தாரும் அவன் படிப்புக்கு அவன் தாய் கட்டிய கட்டணம்.

சென்னைக்கு அருகில், திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளைச் சென்று பாருங்கள். ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திறங்கி ஆண்டுதோறும் கல்லறுக்கின்றனர். ஊரிலேயே தரகரிடம் முன்பணம் வாங்கியவர்கள். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு. குடும்பமாக அறுத்தால்தான் கணக்குத் தீரும். ஆகவே பச்சைக் கல்லைத் திருப்பிப்போடப் பிஞ்சுக் கைகளும் வேண்டியிருக்கின்றன. பருவம் முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும். அங்கே வகுப்பு அவர்களை விட்டுவிட்டு முன்னேறிப் போயிருக்கும். இங்கேயோ கரும்பலகையில் இருப்பது அறியாத மொழி. அம்மாவட்டத்தில் ஒடிய மொழிப் பாடநூல்களோடு அப்பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முயற்சிகள் நடந்துள்ளன, போற்றத்தக்கவை. ஆயினும், முன்பணம், எண்ணிக்கைக் கூலி, பிள்ளையின் கை என்னும் மூன்று கண்ணிச் சங்கிலி அப்படியே இருக்கிறது. தாருக்குப் பதில் கல். தாமிரபரணிக்குப் பதில் கொற்றலை.

இங்கேதான் நமக்குச் சோதனை, தோழர்களே! 'வாழை' பார்த்து அழுதவர்களில் எத்தனை பேர், அந்தச் சூளைப் பிள்ளையைச் சிவனணைந்தான் என்று அடையாளம் கண்டோம்? 'வடக்கத்தியான்' என்று முகம் திருப்பிக்கொள்வோமானால், நம் தாத்தனைப் பார்த்து 'உனக்கேன் படிப்பு?' என்றவனுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? இந்தித் திணிப்பை எதிர்ப்பது கொள்கை. ஒடியக் குழந்தையின் பசியைப் பாராதிருப்பது கொள்கையன்று. குலக்கல்வியை எதிர்த்தவர்கள், நம் சாதிப் பிள்ளைக்கு மட்டும் முழுநாள் பள்ளி கேட்கவில்லை. பிள்ளை என்று பிறந்த ஒவ்வொருவருக்கும் கேட்டனர். அந்தக் கேள்விக்கு மொழி எல்லையும் மாநில எல்லையும் வகுத்தால் அது சுருங்கிச் செத்துவிடும்.

செய்ய வேண்டியது யாது? உங்கள் ஊரில் எவ்வேலைக்கு முன்பணம் தரப்படுகிறது என்று கேட்டறியுங்கள். அவ்வேலைக்குரிய குறைந்தபட்சக் கூலி, எண்ணிக்கைக் கூலியிலும் கிடைக்கிறதா என்று கணக்கிட்டுப் பாருங்கள். கிடைக்கவில்லையெனில், அது பெற்றோரின் பொறுப்பின்மையன்று, சட்டமீறல். தொழிலாளர் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு எழுதிக் கொடுக்க, படித்த உங்கள் விரல்கள் உதவட்டும். பள்ளியின் திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டை, பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்கார்ந்து பாருங்கள். விடுபட்ட பெயர்களுக்குப் பின்னால் ஒரு கடன் பத்திரம் ஒளிந்திருக்கும். பிள்ளைக்குப் புத்தகப்பை வாங்கித் தருவது நன்று. தாய்க்குரிய கூலியை வாங்கித் தருவது அதனினும் நன்று. தாயின் கூலி உயர்ந்தால் பிள்ளையின் தலை தானே நிமிரும்.

தலையில் எழுத்தில்லை என்று நம் முன்னோர் மெய்ப்பித்துச் சென்றனர். தலைமேல் சுமையும் இல்லை என்று மெய்ப்பிப்பது நம் பங்கு. எழுத்தை அழிக்கப் பகுத்தறிவு போதுமானதாயிருந்தது. சுமையை இறக்க, பகுத்தறிவோடு கைகளும் வேண்டும்.